அத்தியாயம் 4: திரும்பும் பஸ்ஸைப் பார்த்து வேலைக்குச் சேருங்கள்

திருப்பூரில் வேலை தேடுகிறவர் முதலில் கேட்பது, ஷிப்டுக்கு எவ்வளவு என்பதைத்தான். அடுத்து ஷிப்ட் சம்பளமா, பீஸ் ரேட்டா, சனிக்கிழமை முழுப் பணமும் கைக்கு வருமா என்று விசாரிப்பார். கம்பெனி எங்கே இருக்கிறது என்பது கடைசியில் வரும். அதுவும் எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது என்பதோடு முடிந்துவிடும். எப்படித் திரும்புவது என்ற கேள்வி, சேர்ந்த முதல் வாரத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல் கேட்டுக்கு வெளியே நிற்கும்போதுதான் எழும். நகருக்குள் குடியிருந்துகொண்டு, சொந்த வண்டி இல்லாமல், பெருமாநல்லூர், அவிநாசி, பல்லடம், மங்கலம், ஊத்துக்குளி பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போய்வர நினைப்பவருக்கு இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றுதான்: சேரலாமா வேண்டாமா என்பதைத் திரும்பி வரும் பயணத்தை வைத்து முடிவு செய்யுங்கள். சம்பளம், தூரம், போகும் பஸ் எல்லாம் அதற்குப் பிறகு. இது ஏன் சரி என்பதையும், இதற்கு எழும் எதிர்வாதங்கள் எந்த அளவுக்கு நிற்கும் என்பதையும் இனி பார்ப்போம்.

வேலை வெளியே போனது, வீடு உள்ளேயே நின்றது

பனியன் தொழிலின் பழைய அமைப்பில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக இல்லை. காதர்பேட்டை, ராயபுரம் போன்ற பகுதிகளில் கம்பெனியும் லைன் வீடுகளும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. கொஞ்சம் தள்ளி இருந்தவருக்கு ஒரு சைக்கிள் போதும். 1980களில் ஏற்றுமதி வேகமெடுத்த பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் பெரிய ஷெட்டுகள் தேவைப்பட்டன. அந்த அளவுக்கு இடம் ஊருக்குள் கிடைக்காது. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. கண்டெய்னர் லாரி உள்ளே வந்து திரும்ப வழி வேண்டும். அவசர வழி, கேன்டீன், குழந்தைக் காப்பகம் என்று வெளிநாட்டு பையர்களின் ஆடிட்டில் கேட்கப்படுபவை பழைய குறுகலான கட்டடங்களில் பொருந்தாது. முதலிபாளையத்தில் ஏற்றுமதிக்கென்றே ஒரு தொழில் வளாகம் அமைந்தது. பெருமாநல்லூர் வட்டாரத்தில், ஈட்டிவீரம்பாளையத்தில் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா வந்தது. நகரத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு சாலையிலும் ஷெட்டுகள் எழுந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அப்போதைய மாநகர எல்லைக்குள் இருந்தவர்கள் 4,44,352 பேர். வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்த்து விரிந்த எல்லையில் எண்ணினால் அதே ஆண்டில் 8,77,778 பேர். பழைய எல்லைக்கு உள்ளே இருந்த அளவுக்கு மக்கள் வெளியேயும் இருந்தார்கள். ஊர் அதன் எல்லைக்கல்லைத் தாண்டி எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

தொழில் வெளியே போகும்போது குடும்பங்கள் அதே வேகத்தில் பின்னால் போவதில்லை. 1968ல் ஜான் கெய்ன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களை ஆராய்ந்து, ஆலைகள் புறநகருக்குப் போய்விட, அங்கே வீடு மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள் நகருக்குள்ளேயே தங்கி வேலைவாய்ப்பை இழந்ததை எடுத்துக்காட்டினார். வேலையும் வீடும் இப்படி விலகிப்போவதை நகரவியலில் அதற்குப் பிறகு நிறையப் பேர் ஆராய்ந்தார்கள். அங்கே தடுப்பாக நின்றது நிறப் பாகுபாடு. திருப்பூரில் குடும்பத்தை நகருக்குள் பிடித்து வைப்பவை வேறு: பிள்ளைகளின் பள்ளி, கணவனுக்கோ மனைவிக்கோ இன்னொரு கம்பெனியில் உள்ள வேலை, வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்த அட்வான்ஸ், நாள்பட்ட மளிகைக் கடைக் கணக்கு. இங்கே வேலை கிடைக்காமல் போவதில்லை. ஆட்கள் தேவை என்ற போர்டு பல கேட்டுகளில் தொங்கிக்கொண்டேதான் இருக்கிறது. வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியில் தொலைவது நேரமும் தூக்கமும், சம்பளத்தில் ஒரு பகுதியும். அதனால்தான் இழப்பு கண்ணில் படாமல் போகிறது.

காலையில் ஒரு வழி, இரவில் வேறு வழி

திருப்பூரின் சாலை அமைப்பு குடைக் கம்பிகளைப் போன்றது. பெருமாநல்லூர் போகும் பி.என். ரோடு, அவிநாசி ரோடு, ஊத்துக்குளி ரோடு, காங்கயம் ரோடு, தாராபுரம் ரோடு, பல்லடம் ரோடு, மங்கலம் ரோடு எல்லாம் நடுவிலிருந்து கிளம்பி வெளியே விரிகின்றன. பஸ்களும் அந்தக் கம்பிகளில்தான் ஓடுகின்றன. ஒரு கம்பியிலிருந்து அடுத்ததற்கு நேராகப் போகும் பஸ் குறைவு. கூடவே, ஊரின் குறுக்கே கிழக்கு மேற்காக ரயில் பாதையும் நொய்யலும் போகின்றன. பழைய பஸ் ஸ்டாண்ட் பாதைக்குத் தெற்கே, புது பஸ் ஸ்டாண்ட் வடக்கே பி.என். ரோட்டில். வீரபாண்டிப் பக்கம் குடியிருப்பவர் பெருமாநல்லூரில் வேலை பார்த்தால், பல்லடம் ரோட்டில் ஏறி நகருக்குள் வந்து, பாதையைத் தாண்டி இன்னொரு பஸ் பிடித்து, இறங்கிய இடத்திலிருந்து கம்பெனி வரை நடக்க வேண்டும். அனுப்பர்பாளையத்தில் குடியிருந்து அவிநாசியில் வேலை பார்ப்பவர் ஒரே சாலையில் ஒரே பஸ்ஸில் போய்விடுகிறார். அவிநாசி, பெருமாநல்லூர், பல்லடம், ஊத்துக்குளி எல்லாமே திருப்பூரிலிருந்து சுமார் 11 முதல் 15 கிலோமீட்டருக்குள்தான். கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலத் தோன்றும். எத்தனை முறை பஸ் மாற வேண்டும் என்று எண்ணிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

காலையில் இந்த வேறுபாடு அவ்வளவாக உறைக்காது. ஏழு, ஏழரை மணிக்கு எல்லாச் சாலையிலும் பஸ் உண்டு; ஒன்று போனால் அடுத்தது வரும். ஆனால் பனியன் கம்பெனியின் நாள் காலை 8.30க்குத் தொடங்கி, ஒரு ஷிப்ட் மாலை 5.30 அளவிலும், ஒன்றரை ஷிப்ட் இரவு ஒன்பதை ஒட்டியும் முடிகிறது. கம்பெனிக்குக் கம்பெனி அரை மணி முன்பின் இருக்கும். ஆர்டர் நிறைய இருக்கும் மாதங்களில் ஒன்றரை ஷிப்ட்தான் வழக்கம்; வீட்டுச் செலவையும் பலர் அந்த வருமானத்தைக் கணக்கில் வைத்துத்தான் அமைத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் பஸ் இடைவெளி கூடிவிடுகிறது. ஒரே பஸ்ஸில் வீடு சேர்பவருக்கு இது ஒரு காத்திருப்பு. இரண்டு பஸ் மாறுகிறவருக்கு முதல் காத்திருப்பில் தாமதமானால் இரண்டாவது பஸ்ஸே போய்விடலாம். காலையில் நாற்பது நிமிடமாக இருந்த அதே பயணம் இரவில் ஒன்றரை மணி நேரமாவது இப்படித்தான். அதனால், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். கலெக்‌ஷன் குறைந்த இரவில் கடைசி டிரிப்பை ஓட்டாமல் விடுவது உண்டு. பழுதானால் மாற்று பஸ்ஸும் வராது. கடைசிக்கு முந்தின பஸ்ஸை உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிடிக்க முடியாத வேலை, பஸ் வசதி இல்லாத வேலை என்றே கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி விடும் நேரம் என்று ஒரே நேரம் கிடையாது. துணி கட்டிங்கில் தொடங்கி, தையல் முடிந்து, செக்கிங், அயர்னிங் கடந்து பேக்கிங்கில் பெட்டிக்குள் போகிறது. முன்னால் ஆகும் தாமதம் எல்லாம் கடைசியில் இருப்பவர்கள் தலையில்தான் விழும். கண்டெய்னர் புறப்படும் தேதி நெருங்கும் வாரத்தில் டெய்லர்கள் கிளம்பிய பிறகும் செக்கிங் டேபிளில் விளக்கு எரியும். பேக்கிங் ஆட்கள் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிவரும், அந்தச் செலவு லாபத்தைத் தின்றுவிடும் என்பதால் முதலாளியும் விடமாட்டார். எனவே ஒரே கம்பெனியில், ஒரே தெருவிலிருந்து போகிற இருவரில், ஓவர்லாக் டெய்லருக்குச் சரியாக வரும் பஸ் பேக்கிங்கில் இருப்பவருக்குச் சரியாக வராது. நீங்கள் கேட்க வேண்டியது, 'ஷிப்மென்ட் வாரத்தில் எங்கள் செக்‌ஷனை எத்தனை மணிக்கு விடுவீர்கள்?' என்பதை. மெயின் ரோட்டிலிருந்து கேட் வரை உள்ள ஒன்று, இரண்டு கிலோமீட்டரும் அப்படித்தான். காலையில் கூட்டத்தோடு கூட்டமாக நடந்த சாலையில் இரவு நான்கைந்து பேராகத் திரும்ப வேண்டியிருக்கும். விளக்கு இருக்கிறதா, நாய்த் தொல்லை உண்டா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

காசுக் கணக்கும் நேரக் கணக்கும்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் எண்களை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டுக்கு 500 ரூபாய், தூரத்துக் கம்பெனியில் 530. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் நாளுக்கு 45 ரூபாய் கூடுதல். ஆறு நாளுக்கு 270. பக்கத்துக் கம்பெனிக்கு நடந்து போகலாம். தூரத்துக் கம்பெனிக்குக் காலையில் பஸ்ஸுக்கு 15 ரூபாய், இரவில் ஒரு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ என்று 40 ரூபாய், வாரத்துக்கு 330. கூடுதல் சம்பளம் கிடைத்தும் 60 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அரசு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாமல் போகும் பெண்ணுக்குக் காலைச் செலவு இல்லை. இரவில் இலவச பஸ் கிடைக்காமல் ஷேர் ஆட்டோவுக்கு 30 ரூபாய் கொடுத்தால் வாரத்துக்கு 180. மிச்சம் 90 ரூபாய். லாபம்தானே என்று தோன்றும். போகவும் வரவும் முக்கால் மணி நேரம் கூடுதல் என்று வையுங்கள். நாளுக்கு ஒன்றரை மணி, வாரத்துக்கு ஒன்பது மணி. ஒரு முழு ஷிப்டை விட அதிகம். 500 ரூபாய் பெறுமான நேரத்தைக் கொடுத்து 90 ரூபாய் வாங்குகிறோம்.

வீட்டில் இருக்கும் நேரத்தை யாரும் காசு கொடுத்து வாங்கப்போவதில்லை, ஆகவே அதைச் சம்பளத்தோடு ஒப்பிடுவது தவறு என்று ஒருவர் சொல்லலாம். பாதி உண்மை. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருபவருக்குக் கூடுதலாகச் சம்பாதிக்க நேரம் மிச்சமில்லை. அந்த ஒன்பது மணி பணமாக மாறாது. ஆனால் அது தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தூக்கம் குறைந்தவருக்குப் பீஸ் ரேட்டில் எண்ணிக்கை குறைந்து போகும். ஊசி விரலில் ஏறுவதும், செக்கிங்கில் டேமேஜ் தப்பிப் போவதும் அசதியான கைகளில்தான். வாரத்தில் ஒரு நாள் எழ முடியாமல் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளமே போய்விடும். எனவே நேரத்தை ரூபாயாக மாற்றுவது மிகை என்று தோன்றினாலும், அதைச் சுழியமாக வைத்துக் கணக்குப் போடுவது அதைவிடப் பெரிய பிழை.

எந்த வாகனம் எதற்குப் பொருந்தும்

அரசு டவுன் பஸ்ஸில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கும் திட்டம் 2021 மே மாதம் தொடங்கியது. இப்போது அதன் பெயர் மகளிர் விடியல் பயணம். பயன்படுத்தும் பெண் ஒருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வை வைத்து அரசு சொல்லி வருகிறது. பனியன் கம்பெனியில் கைமடிக்கும் பெண்ணுக்கு இது சிறிய தொகை இல்லை. ஆனால் திட்டம் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளுக்குத்தான்; கொங்குப் பகுதியின் பல தடங்களில் தனியார் பஸ்களின் பங்கு பெரிது. ஆகவே, இலவசம் என்பதை மாதக் கணக்கில் எழுதுவதற்கு முன், உங்கள் சாலையில் இரவு ஒன்பதுக்கு மேல் ஓடுவது அரசு பஸ்ஸா, தனியாரா என்று பாருங்கள். மினி பஸ்ஸைப் பொறுத்தவரை, 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் தடம் 25 கிலோமீட்டர் வரை நீளலாம். அதில் பெரும்பகுதி பஸ் வசதி இல்லாத சாலையாக இருக்க வேண்டும். கம்பெனிகள் நிறைந்த கிளைச் சாலைகளுக்கு இது பொருத்தமான ஏற்பாடு. பஸ் இல்லாத சாலை என்று தெரிந்தால், தனியாக மனு கொடுப்பதை விட, ஷிப்ட் விடும் நேரத்தையும் எத்தனை பேர் என்பதையும் எழுதிப் பலரிடம் கையெழுத்து வாங்கி, பல்லடம் ரோட்டில் உள்ள கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். எந்த நேரத்துக்கு எத்தனை பேர் என்ற எண் இருந்தால்தான் தடம் எடுப்பவருக்கும் அது வியாபாரமாகத் தெரியும்.

ரயில் மலிவு, ஆனால் எல்லோருக்கும் உதவாது. சென்னை–கோவைப் பாதையில் திருப்பூருக்கு மேற்கே வஞ்சிபாளையம், சோமனூர், கிழக்கே ஊத்துக்குளி, விஜயமங்கலம் ஆகிய நிலையங்கள் உள்ளன. பாலக்காடு டவுன்–ஈரோடு மெமு போன்ற வண்டிகள் இந்த வழியில் ஓடுகின்றன. மாத சீசன் டிக்கெட் எடுத்தால் பஸ் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். ஆனால் நாளுக்குச் சில வண்டிகளே சிறு நிலையங்களில் நிற்கும்; இரவு ஒன்பதரைக்குக் கம்பெனியை விடுபவருக்காக ரயில் காத்திருக்காது. ஒரே ஷிப்ட் வேலை, சோமனூர்ப் பக்கத்து மில் அல்லது விசைத்தறி வேலை, வண்டி நேரத்தோடு பொருந்தும் ஆலை ஷிப்ட் ஆகியவற்றுக்கே ரயில் சரி. ஊத்துக்குளி ஆர்.எஸ். வேறு, ஊத்துக்குளி ஊர் வேறு என்பதையும் மறக்கக்கூடாது. நிலையத்தில் இறங்கிய பிறகு இன்னும் போக வேண்டியிருக்கும். அந்தக் கடைசித் துண்டுக்கு, ரயிலானாலும் பஸ்ஸானாலும், பழைய சைக்கிள் ஒன்று நல்ல முதலீடு. வீட்டிலிருந்து ஓட்டிப் போவதற்காக அல்ல. அதை மறுமுனையில், இரவில் பஸ் நிறுத்தம் அருகே உள்ள ஸ்டாண்டிலும் பகலில் கம்பெனி ஷெட்டிலும் வைத்துக்கொள்வதற்காக. இரண்டு கிலோமீட்டர் இருட்டு நடை பத்து நிமிடத்துக்குள் முடியும். ஷேர் ஆட்டோ ஆள் சேரக் காத்திருக்க வேண்டாம்.

கம்பெனி வேன் என்பது பலருக்குப் பெரிய ஈர்ப்பு. வீட்டு முனையில் ஏறி, வீட்டு முனையில் இறங்கலாம். இரவில் பெண்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை. ஆனால் வேனில் போகிறவரின் கிளம்பும் நேரம் அவர் கையில் இருக்காது. 5.30க்கு ஒரு ஷிப்டோடு முடித்துக்கொண்டு போக நினைத்தாலும் வேன் ஒன்பது மணிக்குத்தான் எடுக்கும் என்றால், ஒன்றரை ஷிப்ட் பார்ப்பது கட்டாயமாகிவிடுகிறது. காலையில் முதலில் ஏறுகிறவர் எல்லா ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கம்பெனி சேர்வார். எனவே வேன் உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. ஒரு ஷிப்டுக்குத் திரும்பும் வேன் உண்டா, நீங்கள் ஏறுவது முதலிலா கடைசியிலா, சம்பளத்தில் பிடித்தம் உண்டா, ஆர்டர் குறைந்த மாதத்தில் வேனை நிறுத்திவிடுவார்களா என்று நான்கும் தெரிய வேண்டும். மாலையில் திரும்ப வேறு பஸ்ஸும் உள்ள இடத்தில் வேன் ஒரு வசதி. வேனைத் தவிர வேறு வழியே இல்லாத இடத்தில் அது ஒரு கட்டு.

எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம் எல்லோரும் அறிந்தது: தவணையில் ஒரு பைக் வாங்கிவிட்டால் இந்த அத்தியாயமே தேவையில்லை. இதையும் கணக்கில் வைப்போம். ஒரு வழி 15 கிலோமீட்டர் என்றால் நாளுக்கு 30. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு, பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 60 ரூபாய், 26 நாளுக்கு 1,560. தவணை 3,000 என்று கொண்டால் மாதம் 4,560. இன்சூரன்சும் சர்வீசும் தனி. ஷிப்டுக்கு 500 வாங்குபவர் மாதத்தில் ஒன்பது ஷிப்டுக்கு மேல் வண்டிக்காகவே உழைக்கிறார். தவணை முடிந்ததும் செலவு குறையும் என்பது சரி. ஆனால் அதுவரை தவணை கட்ட ஒன்றரை ஷிப்டை விடவே முடியாது. இரவுப் பயணச் சிரமத்துக்காக வாங்கிய வண்டி இரவு வேலையை நிரந்தரமாக்கிவிடுகிறது. பணத்தைத் தாண்டி உயிரும் இருக்கிறது. 2022ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள், அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு மாநிலங்களில் விபத்து எண்ணிக்கை அதிகம் தமிழ்நாட்டில்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்றோ குனிந்தோ வேலை பார்த்த கண்ணோடு, அவிநாசியையும் பெருமாநல்லூரையும் ஒட்டிப் போகும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவது எளிதில்லை. வண்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி இல்லாமலும் போய்வர முடிகிற வேலையில் முதலில் நிலைத்து, கடன் இல்லாமல் வாங்குவது வேறு. வண்டி இல்லாவிட்டால் போகவே முடியாத வேலைக்காகக் கடனில் வாங்குவது வேறு. கம்பெனி மூடினாலும் தவணை மூடாது.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. பஸ் பார்த்து வேலை தேடுவது டெய்லருக்குச் சரி. புதிதாக வந்த ஹெல்பருக்குத் தேர்வு செய்யும் வசதி எங்கே? உண்மைதான். தொழில் தெரிந்தவரைத் தேடி ஆள் வரும். தெரியாதவர் கிடைத்ததை எடுப்பார். ஆனால் இங்கே ஒரே கம்பெனியில் பல வருடம் இருப்பவர் குறைவு. ஆர்டர் குறைந்தால் ஆட்கள் நகர்கிறார்கள். காண்ட்ராக்டர் மாறினால் ஒரு பேட்சே நகர்கிறது. முதல் வேலையைத் தேர்ந்தெடுக்க முடியாதவருக்கும் இரண்டாவது வேலையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு சில மாதத்திலேயே வந்துவிடும். அதற்குள் அவர் செய்யக்கூடியது, கூலியில் ஐந்து ரூபாய் கூடக் கேட்பதற்குப் பதிலாக நேரத்தைக் கேட்பது: வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஷிப்டோடு விடுங்கள், அல்லது பேக்கிங்கிலிருந்து வேறு செக்‌ஷனுக்கு மாற்றுங்கள் என்று. ஒரே பகுதியிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து வேன் கேட்டால் சூப்பர்வைசரால் தட்டிக்கழிக்க முடியாது. ஒரே நாளில் பத்துப் பேர் நின்றுவிட்டால் அவருடைய லைன் நின்றுபோகும்.

மூன்றாவது, கம்பெனி பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொள்ளலாமே என்பது. கம்பெனிகள் ஓரிடத்தில் நிலையாக இருந்து, நீங்களும் அதே கம்பெனியில் நிலையாக இருந்தால் இதுவே சிறந்த வழி. இரண்டும் உறுதியில்லாத ஊரில், ஒரு கம்பெனியை நம்பி வீடு மாற்றுவது அடுத்த முறையும் அட்வான்ஸ், வண்டிக் கூலி, பிள்ளைக்குப் பள்ளி மாற்றம் என்று செலவை இழுத்துவரும். கணவனும் மனைவியும் வேறு வேறு சாலையில் வேலை பார்த்தால் ஒருவர் பயணம் குறைந்து மற்றவர் பயணம் கூடும். கம்பெனி ஹாஸ்டல் குடும்பஸ்தருக்குப் பொருந்தாது. தனி ஆளுக்குப் பொருந்தினாலும், வேலையை விட்டால் தங்குமிடமும் அதே நாளில் போய்விடும். வீட்டுக்கு நான் சொல்லும் யோசனை, கம்பெனியைப் பார்க்காமல் சாலையைப் பார்த்து எடுப்பது. ஒரே சாலையில் பல கம்பெனிகள் இருக்கும் பகுதியில், இரவிலும் பஸ் நிற்கும் நிறுத்தத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு அமைந்தால், கம்பெனி மாறினாலும் பஸ் மாறாது. வாடகை சற்றுக் கூடினாலும் ஷேர் ஆட்டோ காசில் அது ஈடாகிவிடும்.

சட்டம் தரும் காப்பு

வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்து அவரவர் தலையெழுத்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010ல் செய்த திருத்தம், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும்போதோ வரும்போதோ நேரும் விபத்தையும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவை வேலையோடு தொடர்புடையவை என்று நிறுவினால், வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொண்டது. சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார். தொடர்பை நிறுவுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கம்பெனி விட்டது எத்தனை மணிக்கு, வழக்கமான வழியில்தான் வந்தாரா என்று கேட்பார்கள். அதனால் பஸ் டிக்கெட்டைக் கசக்கி எறியாமல் வீடு சேரும் வரை வைத்திருங்கள். பெண்களுக்குக் கொடுக்கும் கட்டணமில்லா டிக்கெட்டும் சான்றுதான். வருகைப் பதிவில் வெளியேறும் நேரம் சரியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். பவர் டேபிள் எனப்படும் சிறு தையல் யூனிட்டுகளில் சேருகிறவர் இ.எஸ்.ஐ. எண் கொடுப்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பெண்களின் இரவுப் பயணத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. தொழிற்சாலைச் சட்டம் இரவு 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்திருந்தது. 2000ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியபோது, பாதுகாப்பு, போக்குவரத்து வசதி உள்ளிட்ட நிபந்தனைகளோடுதான் நீக்கியது. ஒன்றரை ஷிப்டின் பிற்பகுதி இந்த நேரத்துக்குள்தான் விழுகிறது. ஏழு மணிக்கு மேல் வேலை வாங்கும் கம்பெனியிடம் வீடு சேர வண்டி கேட்பது சலுகை கேட்பது ஆகாது. அந்த நேரத்தில் வேலை வாங்கும் உரிமையே அந்த வசதியோடு சேர்ந்து வந்தது. இதைத் தெரிந்துகொண்டு கேட்பவரின் குரலுக்குத் தனி எடை உண்டு.

சேருவதற்கு முன் ஒரு மாலை

இவ்வளவையும் ஒரே மாலையில் சரிபார்த்துவிடலாம். வேலை கேட்டுப் போவதைக் காலையில் வைத்துக்கொள்ளாமல், ஷிப்ட் விடுவதற்குச் சற்று முன் வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசரிடம் பேசி முடித்த பிறகு உடனே கிளம்பாமல் கேட்டுக்கு எதிரே நின்று பாருங்கள். வெளியே வருகிறவர்களில் எத்தனை பேர் வேனில் ஏறுகிறார்கள், எத்தனை பேர் பைக் எடுக்கிறார்கள், எத்தனை பேர் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். நடக்கிறவர்கள் கூட்டமாக இருந்தால் அந்த வழி நடக்கக்கூடிய வழி; ஒருவரும் நடக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அவர்களோடு நடந்து, அதே பஸ்ஸில் ஏறி, அதே மாற்றங்களோடு வீடு வரை வந்து, ஆன நேரத்தையும் காசையும் எழுதிக்கொள்ளுங்கள். மழை நாளில் இன்னும் அரை மணி, ஷிப்மென்ட் வாரத்தில் இன்னும் ஒரு மணி என்று சேருங்கள். அந்த எண்ணை ஏற்றுக்கொள்ள முடிந்தால், அடுத்த நாள் காலை சேர்ந்துவிடலாம். முடியாவிட்டால், சம்பளம் முப்பது ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அது உங்களுக்கான கம்பெனி இல்லை.